இணையப் பக்கங்களைச் சான்று காட்டல்

ஆய்வுரையில் எடுத்தாண்ட இணையப் பக்கத்தை வாசகர் தாமே தேடிச் சரிபார்க்கும்படி, ஆசிரியர், தலைப்பு, தளம், வெளியான நாள், முகவரி ஆகியவற்றோடு குறிப்பிடும் முறை இது. அச்சு நூலின் ஒரு பதிப்பில் 40ஆம் பக்கம் என்றைக்கும் 40ஆம் பக்கம்தான். இணையப் பக்கமோ சொல்லாமல் மாறும். ஒருநாள் இல்லாமலும் போகும். இந்த முறையின் வரலாறு பெரும்பாலும் அந்தச் சிக்கலைச் சுற்றியே நடந்திருக்கிறது.

டிம் பெர்னர்ஸ் லீ உருவாக்கிய வலையை 1993இல் செர்ன் ஆய்வகம் எல்லோருக்கும் பொதுவாக்கியது. சியா லீயும் நான்சி கிரேனும் எழுதிய, மின்னணுத் தகவல்களைச் சான்று காட்டுவதற்கான கையேடு அதே ஆண்டில் வந்தது. 1997இல் ஐஎஸ்ஓ 690-2 என்னும் பன்னாட்டுத் தரம் வெளியானது. இணையத்தில் பார்த்த ஆவணத்துக்கு, பார்த்த நாளையும் எழுத வேண்டும் என்றது அது.

பிறகு வந்த விதிகள் ஒரு வழியில் செல்லவில்லை. அமெரிக்காவின் நவீன மொழிகள் சங்கம் 2009 கையேட்டில் முகவரி கட்டாயமில்லை என்றது. 2016இல் முகவரியைத் திரும்பக் கொண்டுவந்து, பார்த்த நாளை எழுதுவோர் விருப்பத்துக்கு விட்டது. அமெரிக்க உளவியல் சங்கத்தின் 2019 கையேடு, அடிக்கடி மாறும் பக்கங்களுக்கு மட்டும் அந்த நாளைக் கேட்கிறது. பார்த்த நாளை விட்டது பிழை என்றே சொல்ல வேண்டும். மாறாது என்று நம்பிய பக்கமும் மாறுகிறது.

இதற்குச் சான்று ஹார்வர்ட் சட்டப் பள்ளியிலிருந்து வந்தது. ஜோனதன் சிட்ரெயினும் சக ஆய்வாளர்களும் 2014இல் வெளியிட்ட ஆய்வின்படி, அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளில் காட்டப்பட்ட இணைய முகவரிகளில் பாதி, முதலில் சுட்டிய செய்திக்கு இட்டுச் செல்லவில்லை. சான்று காட்டிய பக்கத்தின் நகலை நிலையாகக் காக்க, அப்பள்ளியின் நூலகம் 2013இல் பெர்மா என்ற சேவையைத் தொடங்கியிருந்தது. ஆய்விதழ்க் கட்டுரைகளுக்கோ, 2000 முதல் கிராஸ்ரெஃப் வழியாக வழங்கப்படும் டிஓஐ எண் இருக்கிறது. பதிப்பகம் தளத்தை மாற்றினாலும் எண் மாறாது. புதிய முகவரியை அதனுடன் இணைத்துவிடுகிறார்கள்.

தமிழ்ப் பக்கங்களில் இன்னொரு தொல்லை உண்டு. முகவரியில் உள்ள தமிழெழுத்துகளை நகலெடுத்து ஒட்டும்போது அவை விழுக்காட்டுக் குறிகளாக விரிகின்றன. ‘தமிழ்’ என்ற ஒரு சொல்லே விழுக்காட்டுக் குறி, எண், எழுத்து எல்லாம் சேர்த்து 45 இடங்களுக்கு நீளும். அதில் ஒன்று விடுபட்டாலும் பக்கம் திறக்காது. அச்சில் தமிழ் வடிவிலேயே முகவரியைக் கொடுப்பது நல்லது.

இன்டர்நெட் ஆர்க்கைவ் 2001இல் திறந்துவிட்ட வேபேக் மெஷினில் இன்று எவரும் ஒரு பக்கத்தைக் கட்டணமின்றிச் சேமிக்கலாம். ஆய்வு மாணவர்கள் சான்று எழுதும் அன்றே பக்கத்தைச் சேமித்து, அந்த நகலின் முகவரியையும் நாளையும் குறிப்பில் சேர்க்க வேண்டும்.