தோற்பதற்கு ஒரு விலை

2007 மார்ச் 3 அன்று தென்கொரியாவில் நடந்த ஓர் இறுதிப்போட்டியின் பதிவை அடிக்கடி எடுத்துப் பார்ப்பேன். விளையாட்டு ஸ்டார்கிராஃப்ட், தொடரின் பெயர் எம்எஸ்எல். ஒரு பக்கம் மா ஜே-யூன், ரசிகர்களுக்கு 'சேவியர்'. ஸெர்க் இனத்தை வைத்து ஆடி அந்தத் தொடரை மூன்று முறை வென்றவர். எதிரே 17 வயது கிம் டேக்-யோங். அவருடைய ப்ரோட்டாஸ் இனம் ஸெர்க்கிடம் திணறும் என்பது அன்றைக்கு எல்லாரும் ஒப்புக்கொண்ட பாடம். பையன் 3-0 என்று ஜெயித்துவிட்டான். அதன்பிறகு ஸெர்க்கை எதிர்த்து ஆடும் முறையே மாறிப்போனது.

ஒரு கணினி விளையாட்டில் தோற்றால் இவ்வளவு கனமா என்று கேட்கலாம். கொரியாவில் கனம்தான். 1997 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு தெருவுக்குத் தெரு 'பிசி பாங்' எனும் கணினி மையங்கள் முளைத்தன. 1998இல் வந்த ஸ்டார்கிராஃப்ட் அங்கேதான் வளர்ந்தது. போட்டிகளைக் காட்டவே இரண்டு தொலைக்காட்சி அலைவரிசைகள். பெரிய நிறுவனங்களுக்கு அணிகள், விமானப்படைக்கும் ஓர் அணி. 2004இல் பூசான் கடற்கரையில் நடந்த இறுதிப்போட்டிக்கு ஒரு லட்சம் பேர் வந்ததாகச் சொல்வார்கள்.

இவ்வளவு கூட்டம் இருக்கும் இடத்துக்குப் பந்தயக்காரன் வராமல் இருப்பானா?

2010இல் விஷயம் வெடித்தது. சட்டவிரோதப் பந்தயத் தளங்களுக்காகச் சில வீரர்கள் காசு வாங்கிக்கொண்டு வேண்டுமென்றே தோற்றிருந்தார்கள். பயிற்சி ஆட்டப் பதிவுகளும் வெளியே போயிருந்தன. ஆட்டக்காரர்களுக்கும் பந்தயக்காரர்களுக்கும் நடுவே தரகு பார்த்தவர்களில் ஒருவர் மா ஜே-யூன். கொரிய மின்விளையாட்டுச் சங்கம் 11 பேருக்கு வாழ்நாள் தடை போட்டது. மாவுக்கு நீதிமன்றம் ஓராண்டுச் சிறைத்தண்டனை விதித்து, அதை நிறுத்தியும் வைத்தது.

ஓட்டப்பந்தயத்தில் ஒருவன் மெதுவாக ஓடினால் கண்ணுக்குத் தெரிந்துவிடும். ஸ்டார்கிராஃப்டில் தெரியாது. வேவு பார்க்க ஓர் உயிரியை அனுப்பாமல் விட்டால் போதும். படையைப் பத்து நொடி தாமதமாகத் திருப்பினால் போதும். நல்ல ஆட்டக்காரனும் தினமும் செய்கிற பிழைகள்தான் இவை. அது தவறா, விற்பனையா என்பது ஆடுகிறவனுக்கு மட்டுமே தெரியும். பணத்தின் தடயம் கிடைத்தால்தான் மற்றவர்களுக்குத் தெரியவரும்.

அத்தனை பட்டபிறகாவது நின்றதா? ஸ்டார்கிராஃப்ட் 2 வந்தது. லீ செங்-ஹியுன், களத்தில் 'லைஃப்', 2012இல் 15 வயதிலேயே ஜிஎஸ்எல் பட்டம் வென்றார். 2014இல் உலக சாம்பியன், பரிசு ஒரு லட்சம் டாலர். அடுத்த வருடமே இரண்டு ஆட்டங்களில் தோற்பதற்கு 7 கோடி வோன் வாங்கினார். 2016இல் கைதானார். அதே ஆண்டு அக்டோபரில், 14 ஆண்டுகள் நடந்த ப்ரோலீக் அணித்தொடரைச் சங்கம் மூடியது. அணிகள் குறைந்ததும் விளம்பரதாரர் கிடைக்காததும் காரணங்கள். ஆட்டச் சூதையும் அவற்றோடு சேர்த்தே சொன்னார்கள்.

வறுமையில் செய்தார்கள் என்று சொல்லி நகர்ந்துவிடலாம். அணி விடுதியில் நாள் முழுக்கப் பயிற்சி எடுத்தும் பெயர் வராத பையன்களுக்கு அது பொருந்தும். உலக சாம்பியனுக்கு? எனக்கு விடை கிடைக்கவில்லை.

எனக்கு உறுத்துவது வேறொன்று. ஜெயித்தவனைச் சந்தேகப்படுவது எல்லா விளையாட்டிலும் உண்டு. இங்கே தோற்றவனையும் சந்தேகப்பட வேண்டியதாகிவிட்டது. கைநடுங்கி, தூக்கமில்லாமல், உண்மையாகவே தோற்றுப்போன ஒருத்தன் அதை எப்படி நிரூபிப்பான்?

அந்த 2007 பதிவை இப்போதும் போட்டுப் பார்க்கிறேன். வழக்குக்கும் அந்தப் போட்டிக்கும் சம்பந்தமில்லை, தெரியும். ஆனாலும் மாவின் படை கொஞ்சம் தாமதித்தால் என் கை தானாகப் பதிவை நிறுத்தி, பின்னுக்கு ஓட்டுகிறது. அந்தப் பதினேழு வயதுப் பையனின் வெற்றியைக்கூட என்னால் முழுசாகக் கொண்டாட முடியவில்லை.