சோனாபாயின் சுவர்கள்: வீட்டுக் கைவினை வரலாறாகும் தருணம்

இந்தியக் கலை வரலாற்றில் கோயிலுக்கும் அரண்மனைக்கும் கிடைத்த இடம் வீட்டுக்குக் கிடைத்ததில்லை. மண், சாணம், உமி, மூங்கில், கண்ணாடித் துண்டு, மஞ்சள், செம்மண் எனக் கைக்கெட்டிய பொருள்களையெல்லாம் கலந்து பெண்கள் தம் வீட்டுச் சுவர்களில் ஆக்கியவை நெடுங்காலம் 'அலங்காரம்' என்ற ஒற்றைச் சொல்லுக்குள் அடைக்கப்பட்டுக் கிடந்தன. இப்புறக்கணிப்புக்கு ஆய்வாளர்தம் மனச்சாய்வு ஒரு காரணம். பொருளின் இயல்பு மற்றொரு காரணம். மண்சுவர் மழைக்குக் கரையும், ஆண்டுதோறும் மெழுகப்படும், பழைய உருவத்தின் மேல் புதிய உருவம் ஏறும். புதுப்பித்தலே அதன் உயிர். ஆகவே அது தனக்கெனச் சான்று எதனையும் விட்டுச்செல்வதில்லை. இத்தகைய கலை எப்போது வரலாற்றின் பார்வைக்கு வருகிறது என்ற வினாவுக்கு இருபதாம் நூற்றாண்டு தரும் விடை சற்றே கசப்பானது: பெரும்பாலும் வீட்டுக்கு ஏதேனும் நேர்ந்தபோதுதான்.

1934 ஜனவரி 15 அன்று பீகாரை உலுக்கிய நிலநடுக்கம் இதற்கு முதற்சான்று. மதுபனிப் பகுதியில் பணியாற்றிய ஆங்கிலேய அதிகாரி டபிள்யூ. ஜி. ஆர்ச்சர் சேதத்தைப் பார்வையிடச் சென்றபோது, இடிந்த வீடுகளின் உட்சுவர்கள் வெட்டவெளியில் நின்றன. அயலாரின் கண்படாத மணவறைச் சுவர் ஓவியங்களை அவர் கண்டது அவ்வாறுதான். அவர் எழுதிய கட்டுரை 1949இல் 'மார்க்' இதழில் வெளிவந்தது. பின்னர் 1966-67ஆம் ஆண்டுகளில் பீகாரில் கடும் வறட்சி ஏற்பட்டது. பெண்களுக்கு வருவாய் ஈட்டித்தரும் நோக்குடன் புபுல் ஜெயகர் ஓவியர் பாஸ்கர் குல்கர்னியை மிதிலைக்கு அனுப்பினார். சுவரில் வரைந்த கைகளுக்குத் தாள் வழங்கப்பட்டது. தாளுக்கு வந்த பின்னரே ஓவியத்துக்கு விலை வந்தது. விலையோடு வரைந்தவரின் பெயரும் வந்தது. 1975இல் ஜகதம்பா தேவி பத்மஸ்ரீ விருது பெற்றார். அதற்கு முன் எத்தனை தலைமுறைப் பெண்கள் அதே உருவங்களை வரைந்தனர் என்பதை எந்த ஆவணமும் கூறாது.

மிதிலையின் கதை ஓவியத்தைப் பற்றியது. பல பொருள்களைக் கலந்து உருவாக்கும் புடைப்பு வேலைப்பாட்டுக்கு வருவோமாயின், சர்குஜா மாவட்டத்துப் புஹ்புத்ரா கிராமத்தில் வாழ்ந்த சோனாபாய் ரஜ்வாரின் வாழ்க்கையே விரிவாக ஆராயத்தக்கது. இப்பகுதி அன்று மத்தியப் பிரதேசத்தில் இருந்தது. 2000ஆம் ஆண்டு முதல் சத்தீஸ்கர் மாநிலத்தைச் சேர்ந்தது.

ரஜ்வார் வேளாண் சமூகத்தினர். நெல் அறுவடை முடிந்து பௌஷ மாதப் பௌர்ணமியன்று கொண்டாடப்படும் சேர்தா திருநாளையொட்டி, அச்சமூகப் பெண்கள் வீட்டை வெண்மண் கொண்டு மெழுகி, வாயிலையும் சுவரையும் மண்ணால் அழகுசெய்வது வழக்கம். சோனாபாய் இம்மரபுக்குள் பிறந்தவர். சுமார் 1930இல் பிறந்த அவர் பதின்பருவத்திலேயே தம்மைவிட வயதில் மிக மூத்த ஹோலி ராமுக்கு மனைவியானார். ஊருக்குச் சற்று ஒதுங்கி ஹோலி ராம் எழுப்பிய புதிய வீடு சோனாபாய்க்குச் சிறையாயிற்று. சுமார் 15 ஆண்டுகள் அவர் வெளியே செல்லவோ பிறரோடு பழகவோ இயலாதவாறு கணவரால் அடைத்துவைக்கப்பட்டிருந்தார் என்பது அவரது வாழ்க்கை பற்றிய பதிவுகளின் ஒருமித்த செய்தி.

அவ்வீட்டில் ஒரு குழந்தை இருந்தது. விளையாட்டுப் பொருள் எதுவும் இல்லை. மகன் தரோகா ராமுக்காகச் சோனாபாய் மண்ணைப் பிசைந்து பொம்மை செய்யத் தொடங்கினார். பொம்மைகள் பெருகின. சுவரிலும் தூணிலும் பறவைகளும் பாம்புகளும் குரங்குகளும் ஆடுவோரும் இசைப்போரும் குழலூதும் கண்ணனும் இடம்பெற்றனர். குச்சியும் வைக்கோலும் உள்ளே எலும்புபோல் நிற்க, உமியும் சாணமும் கலந்த மண் மேலே தசையாக அமைந்தது. நிறங்களை விலைகொடுத்து வாங்கும் வழி அப்போது இல்லை. நிறமண், இலை, சமையலறை மஞ்சள் ஆகியவற்றிலிருந்தே அவர் நிறங்களைக் கண்டடைந்தார்.

அவரது தனிச்சாதனை மூங்கில் வலைத்தட்டிகள். மூங்கிலை மெல்லிய பிளாச்சுகளாகச் சீவி, வளையங்களாக வளைத்துக் கட்டி, ஒன்றோடொன்று பிணைத்து, மேலே மண்பூசி அவர் உள்முற்றத்தைச் சுற்றித் தட்டிகளை எழுப்பினார். வளையங்களின் இடைவெளியில் கிளிகளும் மனித உருவங்களும் அமர்ந்தன. கோடையின் கடும் வெயிலைத் தணித்துக் காற்றை உள்ளே விடுவது இத்தட்டிகளின் பயன். வெளிச்சம் துண்டுதுண்டாகத் தரையில் விழுந்து நாள் முழுதும் இடம்பெயரும். 'பயன்பொருளா, கலைப்பொருளா' என்று பாடநூல்கள் வகுக்கும் பிரிவு இவ்விடத்தில் பொருளிழந்து போகிறது. வெப்பத்துக்குத் தீர்வு தேடிய கையும் தனிமைக்குத் துணை தேடிய கையும் ஒன்றே.

1982இல் போபாலில் தொடங்கப்பட்ட பாரத் பவனின் ரூபங்கர் அருங்காட்சியகத்துக்குத் தலைமையேற்றவர் ஓவியர் ஜெ. சுவாமிநாதன். சிம்லாவில் வளர்ந்த தமிழ்க் குடும்பத்தவர் அவர். நகர ஓவியனையும் பழங்குடிக் கலைஞனையும் சமகாலத்தவராக ஒரே கூரையின்கீழ் நிறுத்தவேண்டும் என்பது அவரது கொள்கை. அதற்காக மாநிலத்தின் சிற்றூர்கள்தோறும் குழுக்களை அனுப்பினார். ஜன்கட் சிங் ஷ்யாம் பாட்டன்கட் கிராமத்திலிருந்து போபாலுக்கு வந்தது இம்முயற்சியால்தான். அத்தகைய ஒரு குழு 1983இல் சோனாபாயின் வீட்டை அடைந்தது. நாடறிந்த கலைஞர் என்ற நிலையும் குடியரசுத்தலைவர் விருதும் அவரைத் தேடி வந்தன. 2007இல் அவர் காலமானார். 2009இல் ஸ்டீபன் ஹைலர் அவரைப் பற்றி எழுதிய நூல் வெளிவந்தது. அவ்வாண்டே சான் டியாகோவின் மிங்கெய் அருங்காட்சியகத்தில் அவரது படைப்புகளின் கண்காட்சி நடைபெற்றது.

இவ்வரலாற்றைச் சொல்லும் முறையில் இரு இடர்கள் உள்ளன. முதலாவது, 'தனிமை ஒரு மேதையை உருவாக்கியது' என்ற எளிய கூற்று. அது வன்முறைக்குப் படைப்பின் பெருமையைப் பகிர்ந்தளிக்கிறது. அடைக்கப்பட்ட பெண்கள் எண்ணற்றோர். அவர்கள் எல்லோரும் சிற்பிகளாகவில்லை. சிறை அவருக்குத் தந்தது சுவரை மட்டுமே. அதில் என்ன செய்யலாம் என்பதை அவரே கண்டறிந்தார். இரண்டாவது, அவரை மரபற்ற தான்தோன்றிக் கலைஞராகக் காட்டுவது. வெண்மண் மெழுகலும் புடைப்பு அலங்காரமும் ரஜ்வார் பெண்களின் பொதுச்சொத்து. சோனாபாய் அவ்வடித்தளத்தின் மேல் நின்று, முப்பரிமாண உருவத்தையும் வலைத்தட்டியையும் தம் விருப்பப்படி விரித்தார். பின்னாளில் மகனும் மருமகள் ராஜன்பாயும் அதே வழியில் படைத்தனர். அண்டை வீட்டாரும் கற்றுக்கொண்டனர். ஒருவரின் கண்டுபிடிப்பு மீண்டும் ஒரு சமூகத்தின் நடைமுறையாயிற்று. மரபு இயங்கும் முறையை இவ்வளவு தெளிவாக ஓர் ஆயுட்காலத்துக்குள் காணும் வாய்ப்பு அரிது.

கட்ச் பகுதியின் லிப்பன் வேலைப்பாட்டை இதனோடு ஒப்பிடலாம். கூம்பு வடிவக் கூரை கொண்ட 'பூங்கா' எனப்படும் வட்ட வீடுகளின் உட்சுவரில், சாணம் கலந்த மண்ணால் கோடிழுத்து, அதில் சிறு கண்ணாடிகளைப் பதிப்பர். ஒரு விளக்கின் ஒளியை நூறாகப் பெருக்குவது அக்கண்ணாடிகளின் வேலை. ரபாரிகள் மயில், ஒட்டகம், தயிர் கடையும் பெண் எனப் பல உருவங்களை அமைப்பர்; இசுலாமியரான முத்வாக்கள் வடிவியல் கோலங்களோடு நிறுத்திக்கொள்வர். 2001 ஜனவரி 26 நிலநடுக்கத்தில் கட்டடங்கள் பல நொறுங்க, வட்ட வடிவம் காரணமாகப் பூங்காக்கள் பல தாங்கி நின்றன. அதன்பின் பொறியாளர்களும் வடிவமைப்பாளர்களும் அவ்வீடுகளை உற்றுநோக்கினர். மீண்டும் ஒரு பேரழிவே கவனத்தை ஈர்த்தது.

இன்று லிப்பன் சுவரை விட்டு இறங்கிவிட்டது. வட்டப் பலகை, ஆயத்தக் களிமண், வெட்டிய கண்ணாடித் துண்டுகள், அக்ரிலிக் நிறம் ஆகியன அடங்கிய பெட்டிகளை வாங்கி நகரத்து வீடுகளில் செய்து மாட்டுகின்றனர். இதனை மரபின் சீரழிவு என்று தள்ளுவது எளிது, ஆனால் சரியன்று. வீட்டுக்குள் கிடைக்கும் நேரத்தில், கிடைக்கும் பொருளைக் கொண்டு, கற்றுத்தந்தவரின் பெயர் தெரியாமலே செய்யும் வேலை என்ற வகையில் அது பழைய நடைமுறையின் தொடர்ச்சியே. மாறியிருப்பது வேறொன்று. சாணமும் மண்ணும் சுவரின் உடலாக இருந்தன. ஆண்டுதோறும் புதுப்பித்தலைக் கோரின. பலகையில் உள்ளது ஒருமுறை செய்து முடிக்கப்படுவது. புதுப்பித்தல் நின்றுபோகும்போது, தாய் மெழுகுவதைப் பார்த்து மகள் கற்கும் வாய்ப்பும் குறைகிறது. பெட்டியின் மேல் 'கட்ச் கலை' என்றிருக்கும். எந்தச் சமூகத்துப் பெண்கள் வகுத்த கோலம் என்றிராது.

இக்காரணத்தால், வீட்டுக் கைவினையை ஆவணப்படுத்துவோர்க்கு நிழற்படம் மட்டும் போதாது. செய்தவர் பெயர், யாரிடம் கற்றார் என்ற விவரம், மண் எடுத்த இடம், கலவையின் அளவு, எந்தத் திருநாளுக்காகச் செய்யப்பட்டது, கடைசியாக எப்போது மெழுகப்பட்டது ஆகியவை பதிவாக வேண்டும். 1983க்கு முந்தைய சோனாபாயின் சுவர்கள் குறித்து இக்கேள்விகளைக் கேட்டவர் எவருமில்லை. அடுத்த நிலநடுக்கமோ அடுத்த பரிசுக்குழுவோ வந்து சேரும் வரை காத்திராமல், இடியாத வீடுகளிலேயே இக்கேள்விகளைக் கேட்பது ஆய்வாளர்தம் கடமை.