ரெடிஸ் பிரிந்த கதை

திறமூல மென்பொருளின் வரலாறு பெரும்பாலும் தன்னார்வலர்களின் கொடைவரலாறாகவே எழுதப்படுகிறது. தரவு மென்பொருள்கள் மேகக் கணிமைக்குள் புகுந்த பின்னர் அந்தச் சித்திரம் பொருந்துவதில்லை. ரெடிஸின் கதை இதற்குச் சான்று.

சிசிலியைச் சேர்ந்த சால்வத்தோரே சான்பிலிப்போ 2009இல் இதை வெளியிட்டார். தரவை வட்டில் தேடாமல் நினைவகத்திலேயே வைத்திருப்பது இதன் வேகத்திற்குக் காரணம். பிஎஸ்டி உரிமம் அளிக்கப்பட்டதால் எவரும் எடுக்கலாம், திருத்தலாம், விற்கலாம். பலர் திருத்தினர், சிலர் விற்றனர். அமேசான் 2013 முதல் தன் எலாஸ்டிகேஷ் சேவையில் ரெடிஸை வாடகைக்கு விட்டது. வாடகையில் பங்கு தருமாறு உரிமம் எவரையும் கட்டாயப்படுத்தவில்லை. இதே மனக்குறையில்தான் மோங்கோடிபி 2018இலும் எலாஸ்டிக் 2021இலும் தத்தம் உரிமங்களை மாற்றின.

ரெடிஸில் நடந்தது இன்னும் நுட்பமானது. 2020இல் சான்பிலிப்போ பொறுப்பிலிருந்து விலகியதும் ஐவர் குழு ஒன்று அமைந்தது. மூவர் ரெடிஸ் லேப்ஸ் நிறுவனத்தினர். அமேசானிலிருந்து ஒருவர், அலிபாபாவிலிருந்து ஒருவர். வணிகப் பெயருரிமையோ அதற்கு முன்பே நிறுவனத்தின் கைக்குச் சென்றிருந்தது. 2024 மார்ச் 20 அன்று, இனிவரும் பதிப்புகளுக்குப் பிஎஸ்டி உரிமம் இல்லை என்று நிறுவனம் அறிவித்தது. பிஎஸ்டி உரிமமே அதற்கு இடம் கொடுத்ததால் சட்டப்படி இதில் பிழையில்லை. வெளியார் எழுதித் தந்த நிரல்வரிகளும் அந்தப் பெயரோடு சேர்ந்தே சென்றன.

எட்டே நாள்களில், 7.2.4 பதிப்பிலிருந்து பிரித்தெடுத்த வால்கீ என்னும் கிளைத்திட்டத்தை லினக்ஸ் அறக்கட்டளை அறிவித்தது. சமூகம் வென்றது என்று பலர் மகிழ்ந்தனர். எனக்கு அந்த மகிழ்ச்சி முழுமையாக இல்லை. துணைநின்றோர் பட்டியலைப் பாருங்கள்: அமேசான், கூகுள், ஆரக்கிள், எரிக்சன், ஸ்னாப். முதல் மூன்றும் மேகக் கணிமை விற்போர். எவரை எதிர்த்து உரிமம் மாற்றப்பட்டதோ அவர்களே சமூகத்தின் புரவலராயினர். அவர்கள் சம்பளம் கொடுக்கும் பொறியாளர்கள் இல்லையெனில் இந்தப் பிரிவு எட்டு நாள்களில் நடந்திராது. புரவலர் கிடைக்காத சிறிய திட்டங்களில் இத்தகைய எதிர்ப்பு முணுமுணுப்போடு நின்றுவிடும். 2025 மேயில் ரெடிஸ் ஏஜிபிஎல் உரிமத்தையும் சேர்த்துத் திறமூலத்திற்குத் திரும்பியது. வால்கீ திரும்பவில்லை.

போஸ்ட்கிரெஸ்க்யூஎல்லையும் இதே மேக நிறுவனங்கள்தாம் வாடகைக்கு விடுகின்றன. 1986இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் தொடங்கி, 1996 முதல் இப்பெயரில் வளரும் இத்திட்டத்தின் உரிமம் எவராலும் பறிக்கப்படவில்லை. அதுவும் தாராள உரிமமே. ஆகவே காப்பாற்றியது உரிமத்தின் வாசகமன்று. பெயரும் முடிவெடுக்கும் இடமும் ஒரே நிறுவனத்திடம் சேராமல் அங்கே பார்த்துக்கொண்டனர். மையக் குழுவில் பாதிக்கு மேற்பட்டோர் ஒரே நிறுவனத்தின் ஊழியராக இருக்கலாகாது என்பது எழுதப்படாத மரபு. 2020இல் என்டர்பிரைஸ்டிபி நிறுவனம் செகண்ட்குவாட்ரண்ட்டை வாங்கியபோது அந்தக் கணக்கு மீறிப்போயிற்று. அவ்வாண்டே வேறு நிறுவனங்களைச் சேர்ந்த இருவரைக் குழுவில் சேர்த்து அதைச் சரிசெய்தனர்.