'புள்ள இளைச்ச மாதிரி இருக்கே?' - குழந்தையின் எடைக் கோடு சொல்வதைப் படிப்பது எப்படி?

"என்னம்மா, புள்ள போன மாசம் பாத்ததுக்கு இளைச்சுப் போச்சே... பால் பத்தலையா?"

மரக்காணம் உப்பளங்களில் ஆரம்பித்து குயிலாப்பாளையம் வரை, அந்தக் கடலோரத்தில் எந்த ஊரில் கைக்குழந்தையோடு வாசலில் நின்றாலும் இந்தக் கேள்வி வரும். கேட்பவர் பாசத்தில்தான் கேட்கிறார். ஆனால், அன்று சாயங்காலமே டப்பா பால் வாங்கிவிடலாமா என்ற பேச்சு வீட்டில் தொடங்கிவிடும். கண்ணால் பார்த்து எடையைச் சொல்லவே முடியாது என்பதுதான் இதில் சிக்கல். கொழுகொழுவென இருக்கும் குழந்தையின் வளர்ச்சி நின்றிருக்கலாம். ஒல்லிக் குழந்தை ஜோராக வளர்ந்துகொண்டிருக்கலாம்.

ஒரு கணக்குப் பாருங்கள். இரண்டு பெண் குழந்தைகள். முதல் பாப்பா பிறக்கும்போது 2.6 கிலோ. 3 மாதத்தில் 4.9, 6 மாதத்தில் 6.3, 9 மாதத்தில் 7.1. இரண்டாவது பாப்பா 3.3 கிலோவில் பிறந்து, 6 மாதத்தில் 7.6-ஐத் தொட்டது. 7-வது மாதமும் 7.6தான். 8-லும் 9-லும் 7.7. ஒன்பதாம் மாதத்தில் தராசில் நிறுத்தினால் இரண்டாவது பாப்பாதான் கனம், அட்டையில் அதுவும் பச்சை நிறத்துக்குள்தான் இருக்கும். ஆனாலும் கவனம் தேவைப்படுவது அவளுக்குத்தான். முதல் பாப்பா தன் பாதையில் நிற்காமல் ஏறிக்கொண்டே இருக்கிறாள். இவளுக்குக் கோடு படுத்துவிட்டது. உடம்பு மெலிவது கண்ணுக்குத் தெரியும் முன்னரே கோடு சொல்லிவிடும்.

இது நம் மாநிலத்துக்குப் பழைய பாடம். உலக வங்கி உதவியோடு 1980-ல் தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டத்தில், 6 மாதம் முதல் 3 வயது வரையிலான குழந்தைகளை மாதாமாதம் எடை போட்டார்கள். எல்லோருக்கும் சத்துணவு கொடுக்கவில்லை. மிகவும் மெலிந்த குழந்தைகளுக்கும், எடை ஏறாமல் நின்றுபோன குழந்தைகளுக்கும் மட்டும் 90 நாள்களுக்குச் சத்துருண்டை. அதற்குள் 500 கிராம் ஏறிவிட்டால் உணவை நிறுத்திவிடுவார்கள். 'எவ்வளவு இருக்கிறது' என்பதோடு 'எவ்வளவு ஏறியது' என்றும் கேட்டதுதான் அந்தத் திட்டத்தின் கெட்டிக்காரத்தனம் என்பேன்.

சரி, எவ்வளவு ஏற வேண்டும்? பிறந்த சில நாள்களில் எடை குறையும், பயப்பட வேண்டாம். 10 சதவிகிதத்துக்குள் என்றால் பொதுவாக இயல்புதான். இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடைக்குத் திரும்பிவிட வேண்டும். பிறகு முதல் 3 மாதங்களுக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 25 முதல் 30 கிராம். அடுத்த 3 மாதங்களில் மாதம் அரை கிலோ அளவுக்கு. ஆறு மாதத்துக்குப் பிறகு மாதம் 250 கிராம் ஏறினாலே நல்லது. 'முதல்ல கிடுகிடுன்னு ஏறுச்சு, இப்ப நின்னுபோச்சு' என்று பல அம்மாக்கள் கலங்குவது இந்த இயல்பான வேகக் குறைவைப் பார்த்துத்தான். பிறந்த எடை 5-வது மாதத்தையொட்டி இரட்டிப்பாகும், ஒரு வயதில் மூன்று மடங்காகும். குறைமாதக் குழந்தையென்றால், முன்கூட்டியே பிறந்த வாரங்களை வயதிலிருந்து கழித்துவிட்டுப் பாருங்கள்.

அட்டையில் அச்சிட்ட கோடுகள் உலக சுகாதார நிறுவனம் 2006-ல் வெளியிட்டவை. அதற்கு முந்தைய கோடுகள் புட்டிப்பால் குடித்த அமெரிக்கக் குழந்தைகளைப் பெரிதும் வைத்துப் போட்டவை. அதனால் தாய்ப்பால் குழந்தைகள் சில மாதங்களில் பின்தங்குவதுபோலத் தெரிந்தது. புதிய அளவுக்கு டெல்லி உட்பட ஆறு நாடுகளில் தாய்ப்பால் குடித்து வளர்ந்த குழந்தைகளை எடுத்துக்கொண்டார்கள். 'அது வெள்ளைக்காரப் புள்ளைங்க கணக்கு' என்று இனி ஒதுக்க முடியாது.

எடை போடுவதிலும் ஒரு முறை இருக்கிறது. மாதம் ஒருமுறை, அதே தராசு, துணி இல்லாமல், முடிந்தால் பால் கொடுப்பதற்கு முன். ஈர டயப்பரும் வயிறு நிறையக் குடித்த பாலுமே நூறு, இருநூறு கிராமைக் கூட்டிக் காட்டும். வாராவாரம் நிறுத்துப் பார்த்தால் நிம்மதிதான் போகும். பால்வாடி டீச்சர் எடையை எழுதிக்கொண்டால் போதாது. 'கோடு எப்படிப் போகுது டீச்சர்?' என்று கேட்டு, புள்ளி வைப்பதைப் பாருங்கள்.

கோடு படுத்தால் காரணம் தேடுங்கள். வயிற்றுப்போக்கு, காய்ச்சல், அதிகாலையிலேயே உப்பளத்துக்கோ கூலி வேலைக்கோ கிளம்பும் அம்மாவால் பகலில் பால் கொடுக்க முடியாமல் போவது... எதுவாகவும் இருக்கலாம். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு, வெயில் கொளுத்துகிறதே என்று தண்ணீர் கொடுப்பது இந்தப் பக்கம் சகஜம். தேவையே இல்லை, சின்ன வயிற்றைத் தண்ணீர் நிரப்பினால் பால் குறையும். அடிக்கடி தாய்ப்பால் கொடுத்தால் தாகத்துக்கும் அதுவே போதும். ஒரு நாளைக்கு ஆறு முறையாவது சிறுநீர் போகிறதா என்று பாருங்கள்.

ஆறு மாதத்துக்குப் பிறகு பெரும்பாலும் குற்றவாளி நீர்த்த கஞ்சிதான். கரண்டியைச் சாய்த்தால் ஓடிவிடும் கஞ்சியில் தண்ணீர்தான் அதிகம். சொட்டாமல் நிற்கும் பதத்தில் குழைத்த சோறும் பருப்பும், அதில் ஒரு ஸ்பூன் நெய் அல்லது எண்ணெய், மசித்த முட்டை, முள் நீக்கிய மீன், அங்கன்வாடியில் கிடைக்கும் சத்துமாவு என்று கொடுக்கலாம். தாய்ப்பாலும் தொடரட்டும்.

இரண்டு வாரமாகியும் பிறந்த எடைக்குத் திரும்பவில்லை, தொடர்ந்து இரண்டு மாதம் ஏறவில்லை, எடை குறைகிறது என்றால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டிவிடுங்கள். குழந்தை பால் குடிக்க மறுத்து, சோர்ந்து கிடந்தால் அன்றைக்கே போக வேண்டும். போகும்போது அந்த அட்டையை மறக்காதீர்கள். அம்மா வீட்டுக்குப் போனாலும் பையில் அது இருக்கட்டும். அந்த ஊர் நர்ஸம்மா விட்ட இடத்திலிருந்தே அடுத்த புள்ளியை வைப்பார்.