உயரமும் குருதி உறைவும்: தில்லியில் வளர்ந்த ஒரு ராணுவ மருத்துவ ஆய்வு

காயம்பட்ட இடத்தில் குருதி உறைவதும், உறைந்த கட்டி பின்னர் கரைவதும் உடலுக்குள் ஓயாமல் நடைபெறும் எதிரெதிர் வேலைகள். தட்டணுக்கள் எனப்படும் நுண்ணிய அணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ள, அவற்றின்மேல் ஃபைப்ரின் என்னும் புரத இழைகள் பின்னிக் கட்டி இறுகுகிறது. பிறகு வேறு நொதிகள் அவ்விழைகளை அறுத்து அதைக் கரைக்கின்றன. முதல் வேலை குன்றினால் ஹீமோஃபிலியா போன்ற குருதிப்போக்கு நோய்கள் வரும். அது மிகுந்தாலோ, இரண்டாவது தளர்ந்தாலோ, காயமே இல்லாத நாளத்துக்குள் கட்டி உருவாகி நுரையீரலையும் மூளையையும் தாக்கும். மலையின் உயரம் இந்தச் சமநிலையைக் குலைக்கிறதா என்ற கேள்வி, சமவெளி நகரமான தில்லியின் ஆய்வுக்கூடங்களுக்கு வந்து சேர்ந்ததற்கு 1962ஆம் ஆண்டின் இந்திய - சீனப் போரே காரணம்.

அப்போரின்போது சமவெளியிலிருந்து படைவீரர்கள் உடல் பழகுவதற்கு அவகாசமின்றி விமானங்களில் ஏற்றப்பட்டு, 11,000 அடிக்கு மேற்பட்ட இமயப் பகுதிகளில் இறக்கப்பட்டனர். மூச்சுத்திணறலும் நுரைத்த சளியுமாகப் பலர் வீழ்ந்தனர். நுரையீரலின் காற்றறைகளில் நீர் கோத்துக்கொள்ளும் இந்நோய் அன்றைய மருத்துவ நூல்களில் போதிய அளவு விளக்கப்பட்டிருக்கவில்லை. லேயில் 101 நோயாளிகளைக் கண்ட என். டி. மேனனின் கட்டுரையும், இந்தர் சிங்கும் அவருடைய குழுவினரும் எழுதிய கட்டுரையும் 1965இல் வெளிவந்தன. இந்தர் சிங் குழுவினர் 1,925 வீரர்களை ஆராய்ந்து 1969இல் வெளியிட்ட மலைநோய்க் கட்டுரை, அத்துறையில் உலகெங்கும் இன்றும் எடுத்தாளப்படுகிறது. போர்முனை நெருக்கடியிலும் நோயாளிகளைப் பற்றிய குறிப்புகளை இவ்வளவு பொறுமையாகத் திரட்டிய அந்த மருத்துவர்களின் உழைப்புக்கு நம் நாட்டு அறிவியல் வரலாற்றில் உரிய இடம் இன்னும் தரப்படவில்லை.

குருதி உறைதலை இந்தப் பின்னணியில் முன்னிறுத்தியவர்கள் இந்தர் சிங்கும் ஐ. எஸ். சோஹானும் ஆவர். உயரத்தில் குருதியின் உறையும் தன்மையில் ஏற்படும் மாறுதல்களே நுரையீரல் தமனிகளின் அழுத்தம் உயர வழிவகுக்கின்றன என்று 1972இல் பிரிட்டிஷ் ஹார்ட் ஜர்னலில் அவர்கள் வாதிட்டனர். நுரையீரல் நீர்க்கோவையைப் பொறுத்தவரை, உறைதல் முடுக்கப்படுவது நோயின் காரணமன்று, பெரிதும் அதன் விளைவே என்று பீட்டர் பெர்ட்ச் முதலிய ஐரோப்பிய ஆய்வாளர்கள் பின்னர் காட்டினர். எனினும் உயரம் குருதியையே மாற்றுகிறது என்ற அடிப்படைக் கவனிப்பு நிலைத்தது. காரண காரிய வரிசையில் நேர்ந்த பிழை அக்கவனிப்பின் மதிப்பைக் குறைத்துவிடவில்லை.

அதன் முழுப் பொருள் விளங்கியது 1984 ஏப்ரலில் சியாச்சின் பனியாற்றில் இந்தியப் படை நிலைகொண்ட பிறகுதான். மெட்ராஸ் ரெஜிமென்டின் வீரர்கள் உட்படச் சமவெளி இளைஞர்கள் அங்கு மாதக்கணக்கில் காவல் இருக்க வேண்டியதாயிற்று. உடல்நலம் மிக்க அவர்களிடையே கால் சிரைகளிலும், நுரையீரலிலும், மூளையின் சிரைகளிலும் கட்டிகள் தோன்றுவது சமவெளியில் இருப்பதைவிடப் பன்மடங்கு மிகுதி என்பதை ராணுவ மருத்துவமனைகளின் பதிவுகள் காட்டின. குருதியோட்டம் தேங்குதல், நாளச் சுவர் கெடுதல், குருதியே மாறுதல் என உறைகட்டிக்கு மூன்று காரணங்களைச் சொல்லும் மரபு, பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஜெர்மன் அறிஞர் ருடால்ஃப் விர்ஹோவின் பெயரால் வழங்குகிறது. ஆக்சிஜன் குறைவை ஈடுகட்டச் செவ்வணுக்கள் பெருகிக் குருதி தடிப்பதும், வறண்ட காற்றில் உடல் நீர் வற்றுவதும், பனிப்புயல் நாட்களில் கூடாரத்துக்குள் அசைவின்றிக் கிடக்க நேர்வதும் அந்தக் காரணங்களைச் சியாச்சினில் ஒருங்கே கூட்டிவிடுகின்றன.

இவற்றுக்கு அப்பால் ஆக்சிஜன் குறைவு மட்டுமே உறைதலைத் தூண்டுமா என்பதை ஆராய்ந்தது, 1962இல் தொடங்கப்பட்டு இன்று தில்லி திமார்பூரில் இயங்கும் பாதுகாப்புத் துறையின் உடலியங்கியல் ஆய்வு நிறுவனம். அங்கு முகமது ஸாகித் அஷ்ரஃப் தலைமையிலான குழு எலிகளைத் தாழ்ந்த ஆக்சிஜன் சூழலில் வைத்துச் சோதித்து, தட்டணுக்களில் கால்பெய்ன் என்னும் நொதியின் செயல் மிகுவதை 2014இல் வெளியிட்டது. அழற்சியைத் தொடங்கிவைக்கும் என்.எல்.ஆர்.பி.3 என்ற புரதத் தொகுதியை ஆக்சிஜன் குறைவு முடுக்கிவிடுகிறது என்றும், அதன் வழியே சிரைகளில் கட்டி உருவாகிறது என்றும் 2017இல் அக்குழு நிறுவியது. மலையுயரத்தில் உறைகட்டி நோய்க்கு ஆளானவர்களின் குருதியிலும் அதே அடையாளங்கள் காணப்பட்டதால், இம்முடிவு எலிகளோடு நின்றுவிடவில்லை.

விமானம் தில்லியிலிருந்து ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்தில் 3,500 மீட்டர் உயரத்து லேயில் கொண்டு சேர்க்கும் இக்காலத்தில், இந்த ஆய்வு படைவீரர்களுக்கு மட்டும் உரியதன்று. வேலைக்காகவோ பயணமாகவோ அவ்வளவு உயரத்தில் பல நாள் தங்கித் திரும்பியவருக்கு ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும் கண்டாலோ, திடீரென மூச்சு வாங்கினாலோ, உடனே மருத்துவமனைக்குச் சென்று, தங்கிய இடத்தின் உயரத்தையும் தங்கிய நாட்களையும் மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.