காலேஜ் போகும் பிள்ளைக்கு லேப்டாப்: உடனே வாங்கணுமா? தேனி, கம்பம் பகுதி பெற்றோர் கவனிக்க வேண்டியவை

ஜூன் மாதம் வந்தாலே கம்பம் பள்ளத்தாக்கில் செலவுதான். முல்லைப் பெரியாறு தண்ணீர் திறந்தவுடன் முதல் போகத்துக்கு நாற்றங்கால், உழவு, உரம் என்று கையில் இருக்கும் காசு வயலுக்குப் போய்விடும். அதே நேரத்தில்தான் காலேஜ் அட்மிஷன், ஹாஸ்டல் கட்டணம், பஸ் பாஸ் எல்லாம் வரும். கூடவே, "எல்லோரும் வாங்கிட்டாங்க, எனக்கும் லேப்டாப் வேணும்" என்று பிள்ளைகள் கேட்பார்கள்.

அட்மிஷன் போட்ட வாரத்திலேயே லேப்டாப் வாங்கியாக வேண்டும் என்ற கட்டாயம் பெரும்பாலான படிப்புகளுக்கு இல்லை. வாங்குவதற்கு முன்பு மூன்று கேள்விகளுக்குப் பதில் தெரிந்தால் போதும். அரசு லேப்டாப் கிடைக்குமா? படிப்புக்கு என்ன தேவை? ரிப்பேர் ஆனால் யார் வந்து பார்ப்பார்கள்?

அரசு லேப்டாப் யாருக்கு?

தமிழ்நாட்டில் மாணவர்களுக்கான இலவச லேப்டாப் திட்டம் முதலில் 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கியது. சில ஆண்டுகள் நின்றுபோன நிலையில், 2 ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு லேப்டாப் அல்லது டேப்லெட் தரப்படும் என்று 2025-26 பட்ஜெட்டில் அறிவிக்கப்பட்டது. 'உலகம் உங்கள் கையில்' என்ற பெயரில் 2026 ஜனவரி 5 அன்று லேப்டாப் வழங்கும் பணி தொடங்கியது. முதற்கட்டத்தில் 10 லட்சம் லேப்டாப், இறுதியாண்டு மாணவர்களுக்கு முன்னுரிமை.

அதில் கொடுக்கப்பட்டவை ஏசர், டெல், எச்பி நிறுவனங்களின் லேப்டாப்கள். இன்டெல் ஐ3 அல்லது ரைசன் 3 பிராசசர், 8 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டி இருக்கும். கலை, வணிகம், அறிவியல் படிப்புகளுக்கு இது தாராளமாகப் போதும்.

எனவே வீரபாண்டி அரசு கலை அறிவியல் கல்லூரி, போடி அரசு பொறியியல் கல்லூரி, க.விலக்கு அரசு மருத்துவக் கல்லூரி போன்ற அரசுக் கல்லூரியில் சீட் கிடைத்திருந்தால், முதலில் கல்லூரி அலுவலகத்தில் விசாரியுங்கள். அடுத்த கட்டம் எப்போது, எந்த ஆண்டு மாணவருக்கு என்று கேட்டுவிட்டு முடிவு செய்யலாம்.

ஒரு எச்சரிக்கை: அரசு லேப்டாப் கல்லூரி வழியாகத்தான் வரும். "இலவச லேப்டாப்புக்கு இந்த லிங்க்கில் பதிவு செய்யுங்கள்" என்று வாட்ஸ்அப்பில் வந்தால் தொடவே வேண்டாம். பணம் போய்விட்டால் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குப் போன் செய்யுங்கள்.

எந்தப் படிப்புக்கு எது போதும்?

பி.ஏ., பி.காம்., பி.எஸ்சி. கணிதம்: டைப்பிங், எக்செல், டேலி, ஆன்லைன் வகுப்பு இதுதான் வேலை. ஐ3 அல்லது ரைசன் 3, 8 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டி போதும். 512 ஜிபி கிடைத்தால் நல்லது.

பி.சி.ஏ., பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ், பி.இ. கம்ப்யூட்டர், ஐ.டி.: ஐ5 அல்லது ரைசன் 5, 16 ஜிபி ரேம், 512 ஜிபி எஸ்எஸ்டி. இப்போதைக்கு 8 ஜிபிதான் முடியும் என்றால், பிறகு ரேம் கூட்டிக்கொள்ள ஸ்லாட் இருக்கிற மாடலா என்று கேளுங்கள். சில மாடல்களில் ரேம் போர்டோடு சேர்த்துப் பற்றவைக்கப்பட்டிருக்கும். அதைக் கூட்டவே முடியாது.

மெக்கானிக்கல், சிவில்: ஆட்டோகேட், சாலிட்வொர்க்ஸ் போன்றவை ஓட 16 ஜிபி ரேமும் தனி கிராபிக்ஸ் கார்டும் உதவும். ஆனால் முதலாண்டில் பெரும்பாலும் கணிதம், இயற்பியல், வேதியியல், அடிப்படை புரோகிராமிங்தான். அதற்குச் சாதாரண லேப்டாப்போ கல்லூரி லேபோ போதும். விலை கூடிய மாடலை இரண்டாம் ஆண்டில் தேவை தெரிந்து வாங்கலாம். சாலிட்வொர்க்ஸ் விண்டோஸில் மட்டும்தான் ஓடும். அது தேவைப்படும் மாணவர் மேக்புக், குரோம்புக் வாங்கிவிட்டுத் திண்டாட வேண்டாம்.

மருத்துவம், நர்சிங், வேளாண்மை, சட்டம்: படிப்பதும் குறிப்பெடுப்பதும்தான் அதிகம். 8 ஜிபி ரேம் உள்ள, எடை குறைந்த லேப்டாப் போதும்.

கடையில் ஏமாறும் இடங்கள்

மிகக் குறைந்த விலை மாடல்களில் எஸ்எஸ்டிக்குப் பதில் 64 ஜிபி இஎம்எம்சி ஸ்டோரேஜ் இருக்கும். விண்டோஸும் இரண்டு அப்டேட்டும் ஏறினாலே இடம் தீர்ந்துவிடும். இதைத் தவிர்ப்பது நல்லது. 'டாஸ்' என்று போட்டிருந்தால் விண்டோஸ் இல்லை என்று அர்த்தம். அதற்குத் தனிச் செலவு வரும்.

லேப்டாப்புக்கு ஜிஎஸ்டி 18%. 2025 செப்டம்பர் வரிக் குறைப்பிலும் இது மாறவில்லை. "ஜிஎஸ்டி குறைஞ்சிருச்சு, அதான் இந்த ஆஃபர்" என்று சொன்னால் நம்ப வேண்டாம்.

பழைய லேப்டாப் வாங்கலாமா?

வாங்கலாம், ஆனால் பார்த்து வாங்கணும். விண்டோஸ் 10-க்கான மைக்ரோசாஃப்ட் ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 முறைப்படி ஓட, இன்டெல் என்றால் 8-வது தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய பிராசசர் வேண்டும். "ஐ7, சூப்பரா ஓடும்" என்று சொல்லி 4-வது தலைமுறையைத் தள்ளிவிடுவார்கள். ஐ7 என்ற பெயரை விட, எந்தத் தலைமுறை என்பதுதான் முக்கியம். சார்ஜரைக் கழற்றிவிட்டு அரை மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். பழைய பில் இல்லாமல் வாங்காதீர்கள். திருட்டுப் பொருளாக இருந்தால் சிக்கல் உங்களுக்குத்தான்.

சர்வீஸ்: நம்ம ஊரில் முக்கியமான கேள்வி

தேனியிலிருந்து மதுரை சுமார் 75 கி.மீ. கம்பம், கூடலூர் பக்கம் என்றால் இன்னும் தூரம். 'கேரி-இன்' வாரண்டி என்றால் நீங்கள்தான் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு சர்வீஸ் சென்டருக்குப் போக வேண்டும். ஒரு நாள் கூலியும் பஸ் செலவும் போகும். 'ஆன்சைட்' வாரண்டி என்றால் டெக்னீஷியன் வீட்டுக்கு வருவார். ஆனால் எல்லா ஊருக்கும் அது கிடைக்காது. வாங்கும் முன் அந்த நிறுவனத்தின் உதவி எண்ணில் உங்கள் பின்கோடைச் சொல்லிக் கேளுங்கள். பிள்ளை கோவையிலோ சென்னையிலோ ஹாஸ்டலில் தங்கப் போகிறதென்றால் அந்த ஊர் பின்கோடைச் சொல்லுங்கள்.

ஐப்பசி, கார்த்திகையில் இடி மின்னல் அதிகம். அந்த நேரத்தில் சார்ஜரை பிளக்கிலிருந்து கழற்றி வைப்பதுதான் சிறந்த பாதுகாப்பு.

இஎம்ஐ: மாசச் சம்பளமா, அறுவடைப் பணமா?

உதாரணத்துக்கு, 42,000 ரூபாய் லேப்டாப்பை 12 மாத இஎம்ஐயில் எடுத்தால் மாதம் 3,500 ரூபாய். 'நோ காஸ்ட்' என்று சொன்னாலும் பிராசசிங் கட்டணம் இருக்கலாம். ரொக்கத்துக்குக் கிடைக்கும் தள்ளுபடியும் போகலாம். புதுமைப்பெண், தமிழ்ப்புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் வந்தாலும் அது பஸ்ஸுக்கும் புத்தகத்துக்குமே சரியாகிவிடும்.

திராட்சை, வாழை, நெல் போட்டிருக்கும் வீட்டில் பணம் மாதாமாதம் வராது, அறுவடைக்குத்தான் வரும். இரண்டு தவணை தவறினால் அபராதம் மட்டுமல்ல, சிபில் ஸ்கோரும் குறையும். அடுத்து கல்விக் கடனுக்குப் போகும்போது, உடன் கையெழுத்திடும் பெற்றோரின் சிபிலையும் வங்கி பார்க்கும். லேப்டாப் கடன் படிப்புக் கடனுக்கே முட்டுக்கட்டை ஆகிவிடக் கூடாது.

கல்விக் கடன் எடுப்பதாக இருந்தால், படிப்புக்குத் தேவையான கம்ப்யூட்டர் செலவையும் அதில் சேர்க்க முடியுமா என்று வங்கி மேலாளரிடம் கேளுங்கள். வங்கிகளின் மாதிரிக் கல்விக் கடன் திட்டத்தில் அதற்கு இடம் இருக்கிறது. படிப்பு முடிந்த பிறகுதான் தவணை தொடங்கும் என்பதால் சுமை குறையும்.

வாங்கும் நாளில் மறக்கக் கூடாதவை

* சீரியல் எண் எழுதிய ஜிஎஸ்டி பில் கட்டாயம் வாங்குங்கள்.
* பாக்ஸ், லேப்டாப், பில் மூன்றிலும் சீரியல் எண் ஒன்றுதானா என்று பாருங்கள்.
* வாரண்டி தேதியை நிறுவனத்தின் இணையதளத்தில் சரிபாருங்கள்.
* ஆன்லைனில் வாங்கினால் பார்சல் பிரிப்பதை வீடியோ எடுங்கள்.

பொருளில் குறை இருந்து கடைக்காரர் கைவிரித்தால், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம். தேனி மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குப் புகார்க் கட்டணம் கிடையாது. ஆனால் பில் கையில் இருக்கணும்.