குண்டதிர்ச்சியும் இரண்டு எழுத்துகளும்



முதலாம் உலகப் போரைப் பற்றி வகுப்பில் பேசிக்கொண்டிருந்தபோது ஆறாம் ஆண்டு மாணவன் ஒருவன், "போரில் பயந்து நடுங்கியவர்கள் கோழைகள்தாமே, ஐயா?" என்று கேட்டான். "அப்படிச் சொல்லிவிட முடியாது" என்பதற்குள் மணி அடித்துவிட்டது. அன்று சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

1915 பிப்ரவரியில் 'லான்செட்' மருத்துவ இதழில் சார்லஸ் மையர்ஸ் எழுதிய கட்டுரையால் 'ஷெல் ஷாக்' என்னும் சொல் மருத்துவ உலகில் பரவியது. நாம் குண்டதிர்ச்சி எனலாம். (இந்த மையர்ஸ் இளமையில் நம் சரவாக்கிற்கு வந்து ஆய்வு செய்தவர்!) பார்வையும் நினைவும் குன்றிய மூன்று வீரர்களைப் பற்றியது அக்கட்டுரை. வெடியின் அதிர்வே நோய்க்குக் காரணம் என்று முதலில் கருதப்பட்டது. ஆனால், அருகில் குண்டே வெடிக்காத வீரர்களுக்கும் அதே நடுக்கம் கண்டது. மனமே காயப்பட்டிருக்கிறது என்பதை மையர்ஸ் உணர்ந்தார்.

பிரிட்டிஷ் இராணுவமோ இரண்டு எழுத்துகளைக் கையாண்டது. பகைவரின் குண்டால் நேர்ந்தது என்றால் 'டபிள்யூ'; அவ்வீரர் காயமடைந்தவராகக் கருதப்பட்டு, ஓய்வூதியத்திற்கும் காயப்பட்டைக்கும் உரியவரானார். மற்றவருக்கு 'எஸ்', அவர் வெறும் நோயாளி. ஒரே நடுக்கம், ஓர் எழுத்தால் இரு வேறு வாழ்க்கை! 1917இல் அச்சொல்லையே பயன்படுத்தலாகாது என்று ஆணையிட்டனர்.

பதவியும் வேறுபாடு காட்டியது. அதிகாரிகளுக்குப் பெரும்பாலும் 'நரம்புத் தளர்ச்சி' என்ற கண்ணியமான பெயர். சாதாரண வீரர்களுக்கு 'ஹிஸ்டீரியா'. எடின்பரோவின் கிரெய்க்லாக்கார்ட் மருத்துவமனையில் அதிகாரிகளின் பேச்சைப் பொறுமையாகக் கேட்டே குணப்படுத்த முயன்றார் டாக்டர் ரிவர்ஸ். நீலகிரித் தோடர்களைப் பற்றி 1906இல் நூல் வெளியிட்டவரும் இவரே. இலண்டனில் லூயிஸ் யெல்லண்டு என்ற மருத்துவரோ, பேச்சிழந்த சாதாரண வீரர்களின் தொண்டையில் மின்சாரம் செலுத்தினார். எனினும், லிவர்பூலுக்கு அருகிலிருந்த மாகல் மருத்துவமனையில் சாதாரண வீரர்களுக்கும் உரையாடல் சிகிச்சை கிடைத்தது என்பதையும் சொல்ல வேண்டும். வழி தெரியாமல் இல்லை. எல்லாருக்கும் அது எட்டவில்லை, அவ்வளவே.

ஹாரி ஃபார் என்ற வீரரை நினைக்கும்போதுதான் என் நெஞ்சு கனக்கிறது. 1915இல் குண்டதிர்ச்சிக்காக ஐந்து மாதங்கள் மருத்துவமனையில் இருந்தவர் அவர். 1916இல் மீண்டும் முன்னணிக்குச் செல்ல இயலவில்லை என்றார். இராணுவ நீதிமன்றத்தில் அவருக்காக வாதாட எவரும் இல்லை. அவ்வாண்டு அக்டோபரில், 25 வயதில், கோழை என்று சுட்டுக்கொல்லப்பட்டார். அவருடைய மனைவிக்கு ஓய்வூதியமும் மறுக்கப்பட்டது.

குடும்பத்தார் நெடுங்காலம் போராடினர். 2006இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் சட்டமியற்றி, இவ்வாறு சுடப்பட்ட 306 பேருக்கு மன்னிப்பு வழங்கியது. எனினும், தீர்ப்பும் தண்டனையும் இரத்தாகவில்லை என்பதை அதே சட்டம் தெளிவாகக் குறிப்பிடுகிறது. நாளை வகுப்பில் அந்த மாணவனிடம் இதை அப்படியே சொல்லப்போகிறேன். கோழை யார் என்று மறுபடியும் கேட்பான், கேட்கட்டும்.